செலினுக்குப் பக்கத்து நாற்காலி

அஞ்சலைதான் போன் செய்தாள். பாண்டிச்சேரி குருசுக்குப்பத்தில் செலின் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டுக்காரி, மீன் விற்பவள். நான் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன்.

"ரோசாலிக்கா, செலினக்கா எழுந்திருக்கலக்கா. தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்க வூட்டுக்காரரு கதவ நெம்பித்தான் தொறந்தாரு. தூங்குறாப்பலயே படுத்துக்கினு இருக்குது. ஒடம்பு சில்லுனு இருக்குதுக்கா. நீ ஒடனே வா."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்துவைத்தவள்' என்ற நினைப்புதான் வந்தது. என் அம்மா வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து போனார். என் கணவர் மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு போனார். இவள் மட்டும் சாயங்காலம் வரை செல்லோ வாசித்துவிட்டு, வாத்தியத்தைத் துடைத்து உறையில் வைத்துவிட்டு, படுத்து, போய்விட்டாள். ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் அழுகை வந்தது. முதலியார்பேட்டையிலிருந்து குருசுக்குப்பம் வரை அழுதுகொண்டே போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் நினைவு மலரில் எழுதச் சொல்லிப் பாடகர் குழுவினர் கேட்டார்கள். "அவங்கள ஒங்களவிட யாருக்கு டீச்சர் நல்லாத் தெரியும்?" என்றார்கள். உண்மைதான். உங்களில் பலருக்கு அவள் பிரான்சிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் பழக்கம். கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடும் சட்டை, கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போகும் மதாம். அவள் வாசிப்பைக் கேட்டு நீங்கள் கண்கலங்கியிருக்கிறீர்கள். நீங்கள் எல்லாரும் அன்பாக எழுதுவீர்கள். நான் அவளை அறிந்ததெல்லாம் பொறாமையின் வழியாக. அந்த வழியிலேயே எழுதுகிறேன். அவள் உயிரோடு இருந்தால் வேறு மாதிரி எழுத விட்டிருக்கவும் மாட்டாள்.

நாங்கள் இருவரும் ஒரே கான்வென்ட்டில் ஒரே வகுப்பு. இருவருக்கும் ஒரே சிஸ்டர்தான் வயலின் சொல்லித் தந்தார். எனக்கு விரல் சுறுசுறுப்பு. எந்த மெட்டையும் ஒருமுறை கேட்டால் போதும். செலின் மந்தம். வில்லை வைத்தால் எடுக்க மாட்டாள். ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டே நிற்பாள். அந்த நாளில் அவள்மேல் எனக்கு இருந்தது இரக்கம். அந்த இரக்கத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன் என்று சொல்ல வேண்டும்.

இசை அறையின் மூலையில் ஒரு செல்லோ நின்றது, வயலின் ஆள் உயரத்துக்கு வளர்ந்ததுபோல. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு பிரெஞ்சுக்காரி விட்டுவிட்டுப் போனது. ஒருநாள் சிஸ்டர் அதைத் தூசி தட்டி நடுவில் கொண்டுவந்து வைத்து, "யாருக்கு வேணும்?" என்று கேட்டார். முதலில் என்னைத்தான் கேட்டார். நான் வீட்டில் போய்ச் சொன்னேன். என் அம்மாவுக்கு அது எப்படிப்பட்ட வாத்தியம் என்று விளக்க, ஒரு தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக் காட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியோடு வந்தார்.

"பொம்பளப் புள்ள கால அகட்டி ஒக்காந்துக்கினு வாசிக்கிறதா? நாலு பேரு பாக்குற கோயில்ல? எவன்டி ஒன்னக் கட்டுவான்?"

செலினின் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் மகளைக் கேட்டது ஒரே கேள்வி: "தூக்கிக்கினு வர முடியுமா ஒன்னால?" முடியும் என்றாள். அவ்வளவுதான். அவள் அம்மா கணுக்கால் வரை மறைக்கும் அகலப் பாவாடை ஒன்று தைத்துக் கொடுத்தார். அந்தப் பாவாடையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இனி கோயிலில் மெட்டு என்னுடையது, அவள் அடியில் உட்கார்ந்து 'டம் டம்' என்று போடப்போகிறாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு கிறிஸ்துமஸ் பூசை. காணிக்கை நேரம். நான் தனியாக மெட்டை வாசிக்க, செலின் கீழே துணை. பாதியில் என் வயலினின் மேல்தந்தி 'பட்'டென்று அறுந்தது. கோயில் நிறையச் சனம். நான் வில்லைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன். சிஸ்டரின் முகம் வெளுத்தது. செலின் தலை நிமிரவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து அந்த மெட்டைக் கீழே, மிகக் கீழே, ஓர் ஆண் தனக்குள்ளே பாடுவதுபோல எடுத்தாள். காணிக்கைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதே மெட்டை வாசிக்கும்போது சனம் சில்லறை தேடிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் சாமியார் அவள் தலையில் கை வைத்தார். என்னிடம், "தந்தியப் புதுசா மாத்தக்கூடாதா அம்மா?" என்றார்.

அன்று வந்தது, பிறகு போகவே இல்லை.

செலினின் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிரான்சிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அந்த உரிமை கிடையாது. இருந்திருந்தாலும் அம்மா என்னை அனுப்பியிருக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். ஆனால் தெரிந்த காரணம் எப்போது ஒருவருக்கு ஆறுதல் தந்திருக்கிறது? அவள் அங்கே இசைக் கல்லூரியில் சேர்ந்த செய்தி, தேர்ச்சி பெற்ற செய்தி, தெற்கே ஒரு நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவில் வேலைக்குச் சேர்ந்த செய்தி, எல்லாமே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அவள் அம்மாவின் வாயால் எனக்கு வந்தன. "எங்க செலினுக்கு மாசச் சம்பளம் ரோசாலி, வாசிக்கிறதுக்கு! ஆபீசு உத்தியோகம் மாதிரி!" என்பார் அந்த அம்மா. சூது அறியாத மனுஷி. நான் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசம் மதாம்" என்பேன்.

என் தொழில் வாழ்க்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக. பள்ளியில் இசை ஆசிரியை. ஞாயிறுகளில் கோயில். மாதத்தில் சில நாள் விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் கூட்டத்தின் கடைசி வரிசையில் வாசித்துவிட்டு இரவுக்குள் திரும்புவேன். திரையில் கதாநாயகி அழும்போது பின்னால் கேட்கும் முப்பது வயலின்களில் ஒன்று நான். அதை நான் இழிவாக நினைத்ததில்லை. செலின் என்ற ஒருத்தி உலகத்தில் இல்லாதிருந்தால் திருப்தியாகவே இருந்திருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒருநாள் தொலைபேசியில் அவள் குரல். "ரோசா, நான் வந்துடறேன்டி. மொத்தமா வந்துடறேன். ஏர்போர்ட்டுக்கு வா. பெரிய வண்டியா எடுத்துக்கினு வா."

சென்னைக்கு வண்டி பிடித்துப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு தள்ளுவண்டியில் அவள் பெட்டிகள். தோளில் அந்த வாத்தியம், கறுப்பு உறையில், ஒரு குண்டு மனிதர் அவள் முதுகில் தொற்றிக்கொண்டு வருவதுபோல. முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். கட்டிப்பிடித்தோம். நான் கேட்ட முதல் கேள்வி, "இத எப்படிடி கொண்டாந்த? லக்கேஜில போட்டியா?"

"மோந்தியே, கடவுளே! லக்கேஜிலயா? ஒடஞ்சி போவாதா? அதுக்குத் தனி டிக்கெட்டுடி. எம் பக்கத்து சீட்டுல பெல்ட்டு போட்டு ஒக்கார வெச்சிக்கினு வந்தேன். சாப்பாடுகூட அதுக்குத் தனியா குடுத்தாங்க."

"சாப்பாடா?"

"நாந்தான் தின்னேன்."

வண்டி திண்டிவனம் தாண்டும் வரை நான் சரியாகப் பேசவில்லை. நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. இன்றுவரை இல்லை. மனுஷி மேல் பொறாமைப்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அன்று ஒரு மரப்பெட்டியின்மேல் பொறாமைப்பட்டேன்.

குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்த மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். உப்புக் காற்றில் வாத்தியம் பாழாகும் என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. காலையில் எழுந்து கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வாசிக்க உட்காருவாள். அவள் பயிற்சி செய்வதை நீங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். பாட்டே இருக்காது. ஒரே ஒரு சுரம். அதை வில்லின் அடியிலிருந்து நுனி வரை, நுனியிலிருந்து அடி வரை, இழுத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் படியேறிப்போனபோது அஞ்சலை என்னைக் கீழேயே நிறுத்தினாள்.

"ஏங்கா, இது பிரான்சுல வேலயில இருந்துதுன்றாங்களே, மெய்யாவா? ஒரே எழுத்தத்தான் நாளெல்லாம் ஓட்டிக்கினு இருக்குது. எம் பேத்தி அதுக்குள்ள ஆத்திச்சூடியே முடிச்சிட்டா."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. மேலே போய் செலினிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, "அவ சொல்றது கரெக்டுதான். இன்னும் அந்த ஒண்ணே வரலியே" என்றாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வில்லை எடுத்து மறுபடி அதையே இழுத்தாள். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நான் அந்த வயதில் பயிற்சி செய்வதையே விட்டிருந்தேன்.

அவளுக்கு நல்ல குணங்கள் மட்டும்தான் இருந்தன என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. என் பிள்ளைகளின் பெயரைக் கடைசி வரை மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டாள். நம் வீட்டுக்கு வந்தால் நம்மைக் கேட்காமல் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்று எதையும் சொல்ல மாட்டாள். நன்றாக இல்லாததை உடனே சொல்வாள். பாடகர் குழுவில் அவளிடம் திட்டு வாங்காதவர் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

ஏன் வேலையை விட்டு வந்தாள் என்று பலமுறை கேட்டேன். ஓய்வு பெறும் வயது அவளுக்கு ஆகவில்லை. "போதும்னு தோணிச்சி" என்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் வாழ்நாளெல்லாம் ஏங்கிய ஒன்றைச் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைப்பதுபோலத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள், அதற்கு ஒரு காரணம்கூடச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை என்று தோன்றும்.

ஒருமுறை அவளைச் சென்னைக்கு ரெக்கார்டிங்குக்கு அழைத்துப் போனேன். செல்லோ வாசிப்பவர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஆள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். ஆள் சேர்த்துவிடும் பெருமை எனக்கு. அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். முதல் ஒத்திகை பாதி ஓடியதும் இசையமைப்பாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் வரிசைப் பக்கம் வந்ததே இல்லை.

"அந்த செல்லோ யாரு?"

செலின் வில்லைத் தூக்கிக் காட்டினாள். அவர் அங்கேயே நின்று, எங்கள் வயலின்களுக்கு எழுதியிருந்த பகுதியை அடித்துவிட்டு, அதை அவளிடம் கொடுத்தார். முப்பது வயலின்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் தனியாக வாசித்தாள். அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும். நடுவில் அந்த செல்லோ வரும்போது பேச்சை நிறுத்துவீர்கள். அங்கே என்னைப் பல வருடமாக 'பாண்டிச்சேரி அம்மா' என்று கூப்பிட்டவர்கள் அன்று முதல், "செலின் மேடத்தோட ஃப்ரெண்டு" என்று சொல்லத் தொடங்கினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தோளை நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்தது நீங்கள் பலரும் கேட்ட அந்தக் கச்சேரி. கடற்கரைப் பக்கத்து அரங்கில், நாங்கள் இருவர் மட்டும், வயலினும் செல்லோவும். யோசனை அவளுடையது. ஒத்திகை முதலியார்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில். இரண்டாம் நாளே சண்டை. வில்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரோசா, நீ பாட்ட வாசிக்கலடி. என்னத்தான் ஜெயிக்கப் பாக்குற."

"நானா?"

"எனக்கு முன்னால ஓடி ஓடிப் போற. எங்க போற? நான் எங்கியும் வரல. இங்கதான் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன், தேய்க்க ஒன்றும் இல்லாத பாத்திரத்தை. அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கூடத்திலிருந்து அவள் பகுதி மட்டும் கேட்டது. என் மெட்டு இல்லாமல் அந்த அடிப்பகுதி தனியாக வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு இடத்திலும் எனக்கு இடம் விட்டு. எத்தனை நேரம்தான் பாத்திரம் தேய்ப்பது? கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நடுவிலேயே சேர்ந்துகொண்டேன்.

கச்சேரி அன்று நான் என் வாழ்நாளில் வாசிக்காத மாதிரி வாசித்தேன். இதை நானே சொல்வது சரியில்லை, ஆனால் அன்று எல்லாரும் சொன்னீர்கள். முடிந்ததும் என்னைச் சுற்றித்தான் கூட்டம். "டீச்சர், இத்தன நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்றார் ஒருவர். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். அவளை ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் மகன் அதைப் பதிவு செய்திருந்தான். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்டேன். முதல் தடவை என்னை மட்டும் கேட்டேன். இரண்டாம் தடவை அவளைக் கேட்டேன். நான் எழும்பும் இடங்களில் எல்லாம் அவள் அதற்கு ஒரு நொடி முன்னாலேயே தன் ஒலியைக் குறைத்து எனக்கு வழி விட்டிருக்கிறாள். நான் அவசரப்பட்ட ஓர் இடத்தில், அவசரம் தெரியாதபடி தானும் சேர்ந்து நகர்ந்திருக்கிறாள். ஓர் இடத்தில் என் சுரம் லேசாகத் தாழ்ந்துவிட்டது. அவள் தன் சுரத்தையும் ஒரு மயிரிழை தாழ்த்தி, அதைச் சரியானதுபோல ஆக்கியிருக்கிறாள். அந்த அரங்கில் அது யாருக்கும் தெரியவில்லை. வாசித்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. நான் நன்றாக வாசித்தேன் என்பதுகூட அவள் வாசித்ததுதான். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அவள் அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். குப்பத்துச் சனம் அன்று கடலுக்குப் போகவில்லை. அஞ்சலையின் கணவரும் மற்றவர்களும் பெட்டியைத் தோளில் வாங்கினார்கள். பூசையில் நான் தனியாக வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. முந்தி ஓடவும் ஆள் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் ஆள் இல்லை.

பிரான்சிலிருந்த அவள் தம்பியால் வர முடியவில்லை. தொலைபேசியில், செல்லோவை என் வீட்டில் வைத்திருக்கச் சொன்னார். இரண்டு வாரம் அது என் கூடத்தில் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். எனக்கு செல்லோ வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வேறு யாருக்குக் கொடுப்பாள்? பிறகு தம்பி மறுபடி பேசினார். "கிளேர்னு ஒருத்தங்க வருவாங்கக்கா. அவங்களுக்குத்தான்னு அக்கா முன்னயே சொல்லி வெச்சிட்டாங்க."

கிளேர் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியானவள், வெயிலில் முகம் சிவந்து கன்றிப்போயிருந்தது. என் பிரெஞ்சு துருப்பிடித்திருந்தது, ஆனால் பேசிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. காபி கொடுத்துவிட்டு, செலினை எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிளேர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோக்காரர்களுக்கு முதல் நாற்காலி என்று ஒன்று உண்டு. தனியாக வரும் பகுதிகள் எல்லாம் அதில் உட்காருபவருக்கு. செலின் அதற்கு மூன்று முறை வாசித்துக் காட்டியிருக்கிறாள். மூன்று முறையும் கிடைக்கவில்லை. கடைசி முறை அதைப் பெற்றது, அப்போதுதான் படிப்பு முடித்து வந்திருந்த கிளேர். அதன்பின் பல வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அத்தனை வருடமும் செலின் அவளிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் அவளை நிறுத்தி, "உன்னிடம் நான் பேசாதது உன் தப்பு இல்லை. எனக்குப் பொறாமை. அது வந்ததிலிருந்து என் வலது கை இறுகிவிட்டது, வில் நகர மறுக்கிறது. நீயும் போக மாட்டாய், அதுவும் போகாது. அதனால் நான் போகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். "அதற்குப் பிறகுதான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்" என்றாள் கிளேர். "வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். அவள் வாத்தியம் என்னிடம்தான் இருக்க வேண்டும், நான்தான் அவளைவிட நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்வாள்."

பிறகு கிளேர் உறையைத் திறந்து, தந்திகளை முறுக்கிச் சரிசெய்து, என் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தாள். செலின் சொன்னது சரிதான். கிளேர் அவளைவிட நன்றாக வாசித்தாள். எங்கள் தெருவில் நின்ற வண்டியில் கொண்டுபோய் ஏற்றும் வரை அந்த வாத்தியப் பெட்டியை நானே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன்.

வண்டி போனபிறகு கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். கையை இறுக வைக்கும் அளவுக்கு, வேலையையும் ஊரையும் விட்டு ஓடிவரும் அளவுக்கு, செலினும் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அந்த ஒருத்தி நான் இல்லை. அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை. பொறாமைப்பட்டவளிடமே தன் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறாள். நான் அப்படிக் கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டேன்.

அவள் இறப்பதற்குச் சில மாதம் முன்பு நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அன்று சாயங்காலம் கடற்கரைப் பாறைகளின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். என் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வாரம் அது. வீடு நிறைய ஆள், சாப்பாடு, சிரிப்பு. அவளும் வந்திருந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். அந்தத் தெம்பில் கேட்டுவிட்டேன்.

"செலின், உண்மையச் சொல்லு. எப்பவாவது என்னப் பாத்துப் பொறாமப்பட்டிருக்கியா? எதுக்காவது? வூடு, புள்ளைங்க, எதுக்கானும்?"

கடலையைத் தோல் நீக்கி, ஊதி, வாயில் போட்டு, மென்றாள். நிஜமாகவே யோசித்தாள். அந்த யோசனையில் எனக்கு நம்பிக்கைகூட வந்தது.

"இல்லடி" என்றாள். "யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"பாவி. ஒரு பேச்சுக்காவது சொல்லக்கூடாதா?"

"பேச்சுக்குச் சொன்னா நீ கண்டுபுடிச்சிடுவியே. ஒனக்குக் காது நல்ல காதாச்சே. எங்க ஆர்க்கெஸ்ட்ராவுல எவனுக்கும் அந்தக் காது கெடயாது."

சொல்லிவிட்டுக் கடலைப் பொட்டலத்தைக் கவிழ்த்து உள்ளங்கையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். நான் கோபத்தில் இருந்ததால் அந்தக் கடைசி வார்த்தைகளை அன்று காதில் வாங்கவே இல்லை. கிளேர் போன மறுநாள்தான், பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவை எனக்குக் கேட்டன. என்னிடம் இருந்ததில் அவள் நல்லது என்று சொன்னது அந்தக் காது ஒன்றைத்தான். என் மனம் குளிர வேண்டும் என்று ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்த அதே மூச்சில் சொன்னது. அதனால் அது பொய்யாக இருக்க முடியாது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். நீங்கள் அவள் வாசிப்பைக் கேட்டு மனம் உருகினீர்கள்; அது உங்களுக்குப் போதும். அவள் எங்கே மூச்சை இழுத்தாள், எந்தச் சுரத்தை எத்தனை இழுத்துப் பிடித்தாள், எப்போது யாருக்காக ஒதுங்கினாள் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டவள் நான். பொறாமைக்காரிக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். செலினைப்போல வாசிக்க என்னால் முடிந்ததில்லை. ஆனால் செலினை என்னைப்போல யாரும் கேட்டதில்லை, கிளேர் உட்பட.